விளிம்புப் பங்கு

மனிதர்கள் ஏரிக்கு மதகு கட்டுவதற்கும் முன்னால், கூழைக்கடாக்கள் தங்களுக்கென்று ஒரு நாடு வைத்து ஆண்டுகொண்டிருந்தன. நாட்டின் பெயர் நெடும்புனல். ஒரு பெரிய ஏரி, ஏரிக்குள் நாற்பது கருவேல மரங்கள், மரமெல்லாம் கூடுகள், அறுநூறு பறவைகள். அவ்வளவுதான் நாடு. ஆனாலும் மன்னர் உண்டு, அமைச்சர் உண்டு, அரசவை அறிஞர் உண்டு. இவர்களெல்லாம் இல்லாமல் ஒரு நாடு எப்படிக் கெட்டுப்போகும், சொல்லுங்கள்?

கூழைக்கடா தனியாக மீன் பிடித்துப் பிழைக்கிற இனம் அல்ல. அலகுக்குக் கீழே பை பெரிதாகத்தான் தொங்கும். அதற்காக, வா என்றால் மீன் வந்து பைக்குள் உட்காருமா? ஆகவே விடிந்ததும் அறுபது அறுபது பேராகச் சேர்ந்து வளையம் போடுவார்கள். பிறை நிலா மாதிரி வளைந்து நின்று, ஒரே நேரத்தில் சிறகால் தண்ணீரை அறைந்து, மீன்களைக் கரையோரத்துக் கணுக்கால் தண்ணீருக்கு விரட்டுவார்கள். அங்கே அத்தனை அலகும் ஒரே சமயத்தில் உள்ளே போகும். நடுவில் நிற்பவர்களுக்கு வாய் நிறைய மீன். வளையத்தின் இரண்டு கோடியிலும் ஐந்தைந்து பேர் நிற்பார்கள். அவர்கள்தான் விளிம்புக்காரர்கள். மீன் பக்கவாட்டில் நழுவிவிடாமல் ஓயாமல் சிறகடித்துக்கொண்டிருப்பது அவர்கள் வேலை. சிறகடித்துக்கொண்டே மீனும் பிடிக்க முடியாதல்லவா? அவர்கள் வாயில் ஒன்றிரண்டு அயிரை விழுந்தால் பெரிது.

ஆனால் விளிம்புக்காரர்கள் பட்டினி கிடந்ததில்லை. வளையம் கலைந்ததும், நடுவில் நின்றவர்கள் கூட்டுக்குத் திரும்பும் வழியில் அவர்களுக்கு ஆளுக்கொரு மீன் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு விளிம்புப் பங்கு என்று பெயர். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. யாரும் கேட்டதுமில்லை.

வெள்ளத்தாய் ஏழு வருஷமாகத் தெற்கு வளையத்தின் இடது கோடியில் நின்றவள். அலகு சின்னது, பை அதைவிடச் சின்னது. ஆனால் அவள் சிறகால் ஓர் அறை அறைந்தால் ஏரியே அதிரும். எதிர்க்கோடியில் நின்ற கொம்பையாவுக்கு அவள் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் தன் சிறகை இறக்குவார். அவள் முட்டையிட்ட மறுவாரம் உப்பளம் பக்கம் போன இணை திரும்பி வரவில்லை. கூட்டில் இரண்டு குஞ்சுகள். மூத்தவன் கொழுகொழுவென்று இருந்தான். இளையவள் மூன்று நாள் பிந்திப் பொரித்தவள். அவனில் பாதிதான் இருந்தாள். எப்படியாவது அவளைப் பறக்க வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் வெள்ளத்தாயின் கவலை. நாட்டைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்தும் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. ஆளுக்கொரு சுள்ளியைக் கொண்டுபோய் விருப்பமான வேட்பாளரின் மரத்தில் போட வேண்டும்; அதிகச் சுள்ளி விழுந்தவர் மன்னர். பேரலகர் என்பவர் நின்றார். நாட்டிலேயே நீளமான அலகு அவருடையது. “உன் வாய்! உன் மீன்!” என்பது அவருடைய முழக்கம். கூட்டத்துக்குக் கூட்டம் அவர் ஒற்றைக்காலனார் என்கிற சாம்பல் நாரையை அழைத்துவந்து பேசவைத்தார்.

“குடிமக்களே, என்னைக் காணுங்கள்!” என்பார் நாரை, கரையோரத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. “எனக்கு வளையம் இல்லை. கூட்டாளி இல்லை. தனித்து நிற்கிறேன். இதோ!” என்று அலகை இறக்கி ஒரு முழ விராலைத் தூக்குவார். “தன் காலில் நிற்பது என்றால் இதுதான். பரிணாமம் என்னும் பேரரசி தனித்து வெல்பவனையே தேர்ந்தெடுக்கிறாள். பங்கு கேட்டு நிற்பவனை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.”

கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கண்ணுக்கு முன்னால் நடப்பதை எப்படி மறுப்பது? நடுவில் நிற்பவர்களுக்குத் தாங்கள் தினமும் போடுகிற மீன்கள் ஞாபகத்துக்கு வந்தன. விளிம்பில் நிற்பவர்களுக்கோ, இனித் தங்கள் வாயும் நிறையும் என்று தோன்றியது. வெள்ளத்தாயும் பேரலகருக்குத்தான் சுள்ளி போட்டாள். அதை மறைப்பானேன்?

மன்னரானதும் பேரலகர் முதல் ஆணையைப் பிறப்பித்தார். விளிம்புப் பங்கு என்பது சோம்பேறிகளை வளர்க்கும் இலவசம். இன்று முதல் அது ஒழிக்கப்படுகிறது. இரண்டாவது ஆணை அதைவிடச் சுருக்கமானது. அமாவாசைதோறும் ஒவ்வொருவர் பையும் சோதிக்கப்படும். கடைசி நூறு இடத்தில் வருகிறவர்கள் நாட்டுக்குச் சுமை, ஆகவே ஏரியை விட்டு வெளியேற வேண்டும்.

சோதனை செய்தவர் அளவை அமைச்சர் சொரிமுத்து. வெள்ளத்தாய்க்குத் தூரத்துச் சொந்தம். முன்னர் அவளுடைய வளையத்திலேயே நடுவில் நின்றவர்தான்.

“வாயைத் தொற தாயீ.”

திறந்தாள். உள்ளே இரண்டு அயிரை நெளிந்துகொண்டிருந்தன.

“இம்புட்டுதானா?”

“அண்ணாச்சி, நான் வெளிம்புல நின்னு செறகடிக்கவ. ஒங்களுக்குத் தெரியாதா? எங்க வளையத்துக்கு நடுவுல நின்னு அள்ளி அள்ளித் தின்னவியதானே நீங்க?”

சொரிமுத்து தொண்டையைச் செருமினார். அக்கம்பக்கம் பார்த்தார். “செறகடிச்சத எப்படித் தாயீ அளக்கது? அது பையில கெடக்கா? சட்டம் பையை மட்டுந்தான் பாக்கச் சொல்லுது. நான் என்ன செய்ய?”

பத்து வளையங்கள், வளையத்துக்குப் பத்து விளிம்புக்காரர்கள். சரியாக நூறு பேர். ஒருவர் தப்பவில்லை. அரசு கல்நெஞ்சம் படைத்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? எனவே குஞ்சுகள் பறக்கும் வரை கூடு அவர்களுக்கே என்று மன்னர் அறிவித்தார். ஏரி மீன் ஒன்றுகூட அந்தக் கூடுகளுக்குப் போகக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். ஆணையில் இதற்குக் கருணைக் காலம் என்று பெயர் போட்டிருந்தது.

நூறு பேரும் பனங்காட்டுக்கு அப்பால் இருந்த பொட்டல்குளத்தில் போய் இறங்கினார்கள். மீனுக்குப் பஞ்சமில்லை, பிடிக்கத்தான் வழியில்லை. மானம் போன கோபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக அலகை விட்டுத் துழாவினார்கள். நாலு நாள் துழாவியதில் வெள்ளத்தாய்க்குக் கிடைத்தது ஒன்பது மீன். ஒன்பதையும் பனங்காட்டைத் தாண்டிப் பறந்துபோய்க் கூட்டில் கக்கினாள்.

ஐந்தாம் நாள் அவள் திரும்பியபோது மூத்தவன் இளையவளின் தலையில் கொத்திக்கொண்டிருந்தான். இளையவள் கூட்டின் ஓரத்துக்கு ஒதுங்கி, கீழே விழப்போகிற மாதிரி இருந்தாள். பிடரியில் ரத்தம். “ஏல, பாவிப்பயலே! ஒன் தங்கச்சிலே அது!” என்று கத்தினாள் வெள்ளத்தாய்.

கரையோரத்தில் நின்றிருந்த ஒற்றைக்காலனார் நிமிர்ந்து பார்த்தார். “அம்மையே, வருந்தற்க. வலியது எளியதை விலக்குகிறது. பரிணாமம் தன் கடமையைச் செய்கிறது.”

“ஒம்ம பரிணாமத்தத் தூக்கிக் கொளத்துல போடும்! எம்பிள்ளையளுக்குப் பசிக்கி. அம்புட்டுதான் சங்கதி!”

அழுகையும் ஆத்திரமுமாகப் பொட்டல்குளத்துக்குப் பறந்தாள். அத்தனை பேரையும் கூப்பிட்டாள். “மானம் ரோசமெல்லாம் பொறவு பாப்போம். வாங்க, வளையம் போடுவோம்.”

போட்டார்கள். அது ஒரு வேடிக்கையான வளையம். நூறு பேரும் பிறந்ததிலிருந்து விளிம்பில் நின்றவர்கள். ஐம்பது பேர் இந்தக் கோடிக்குப் போனார்கள், ஐம்பது பேர் அந்தக் கோடிக்குப் போனார்கள். நடுவில் ஒரு குருவிகூட இல்லை. இரண்டு பக்கமும் சிறகடித்த அடியில் குளத்து மீனெல்லாம் நடுவழியாக ராஜநடை போட்டு வெளியேறியது.

“எல்லாரும் கோடியிலயே போயி நின்னா நடுவுல யாரு நிக்க?” என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கேட்டாள் வெள்ளத்தாய்.

“எனக்கு அள்ளிப் பழக்கமில்லயே” என்றது ஒரு குரல். “எங்களுக்கு மட்டும் இருக்கா?” என்றது இன்னொன்று.

அப்போது எதிர்க்கோடியிலிருந்து ஒரு பெரியவர் நீந்தி வந்தார். “ஏட்டி, அந்தச் சத்தம் நீதானா? ஏழு வருசமா ஒன் சத்தத்தக் கேட்டுத்தான் நான் செறக எறக்குனேன். நான் கொம்பையா. நீ நடுவுல போ. நான் வெளிம்புல நிக்கேன்.”

“பொறவு ஒங்க வயித்துக்கு?”

“அடுத்த வளையத்துல நான் நடு, நீ வெளிம்பு. இதுல என்னட்டி இருக்கு?”

ஒன்றுமே இல்லைதான். ஆனால் நெடும்புனலில் தலைமுறை தலைமுறையாக யாருக்கும் தோன்றாத யோசனை அது. அங்கே விளிம்பில் பிறந்தவர் விளிம்பு, நடுவில் பிறந்தவர் நடு. இங்கே முறை வைத்தார்கள். முதல் வளையத்தில் இருபது பேர் கோடிக்கு, எண்பது பேர் நடுவுக்கு. அடுத்த வளையத்தில் வேறு இருபது பேர். வெள்ளத்தாய் தன் வாழ்நாளில் முதன்முறையாக வளையத்தின் நடுவில் நின்று அலகை இறக்கி அள்ளினாள். பை பிதுங்கியது! கெண்டையும் கெளுத்தியும் உள்ளே கிடந்து துள்ளின. “யம்மா!” என்றாள். வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டு அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

அன்று மாலை கூட்டில் இரண்டு குஞ்சுகளும் அவள் தொண்டைக்குள் தலையை விட்டு மூச்சு முட்டத் தின்றார்கள். தின்று முடித்ததும் மூத்தவன் ஏப்பம் விட்டான். பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி, தங்கையின் முதுகில் தலையை வைத்துத் தூங்கிப்போனான். வெள்ளத்தாய் வெகுநேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிணாமம் அன்றைக்கு எந்தக் கடமையையும் செய்யவில்லை.

இனி ஏரியின் கதையைக் கேளுங்கள். விளிம்புக்காரர்கள் போனதும் வளையத்தின் இரண்டு கோடியும் திறந்துகொண்டது. மீன்கள் சாவகாசமாக வெளியேறின. சரி, யாராவது கோடியில் போய் நில்லுங்கள் என்றால் ஒருவரும் நகரவில்லை. கோடியில் நின்றால் பை காலி, பை காலியானால் அமாவாசையன்று நாடு காலி. யார் போவார்? ஒற்றைக்காலனார் ஆழ்ந்து சிந்தித்து, சுமை இன்னும் முழுதாகக் குறையவில்லை, மேலும் நூறு பேரை இறக்கினால் சரியாகிவிடும் என்றார். இரண்டாம் அமாவாசையில் இன்னொரு நூறு பேர் பொட்டல்குளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் நூறு பேரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கோடியில் இடம் ஒதுக்கினார்கள்.

அடுத்ததாக, வளையம் போடுவதே சதி என்று ஆணை வந்தது. மூவர் வளைந்து நின்றால் குற்றம். அனைவரும் அறிஞரைப் பின்பற்றி ஒற்றைக்காலில் தனித்து நின்று மீன் பிடிக்க வேண்டும். கூழைக்கடாவின் கால் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் முன்னூறு நானூறு பறவைகள் ஒரு காலைத் தூக்குவதும், தொபுக்கென்று தண்ணீரில் கவிழ்வதுமாக இருந்தன. மன்னர் மட்டும் கவிழவில்லை. அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிகம் பிடிக்கிற இருபது வீரர்களைப் பொறுக்கி வெற்றி மரம் என்ற ஒரே மரத்தில் குடிவைத்தார்கள். அவர்கள் பிள்ளைகளால் நாடு தழைக்கும் என்பது அறிஞரின் திட்டம். அவர்கள் எப்படி அதிகம் பிடித்தார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அடுத்தவர் பைக்குள் அலகை விட்டு உருவியிருக்கிறார்கள்! உருவத் தெரிந்த இருபது பேரும் ஒரே மரத்தில் இருந்தால் என்ன ஆகும்? ஒரு வாரத்தில் மரத்தில் ஒரு கூடு மிச்சமில்லை, ஒரு முட்டை மிச்சமில்லை, யார் பையிலும் ஓட்டையில்லாத இடம் மிச்சமில்லை.

இந்த நிலையில், கருணைக் காலக் கூடுகளில் குஞ்சுகள் மட்டும் கொழுத்துக்கொண்டே போவது மன்னரின் கவனத்துக்கு வந்தது. விசாரிக்கச் சொரிமுத்து பொட்டல்குளத்துக்கு வந்து இறங்கினார்.

“வளையம் போடுதியளோ? அது ராசத்துரோகம் தாயீ. மூணு பேரு வளைஞ்சு நின்னாலே குத்தம்.”

“இது பொட்டல்குளம் அண்ணாச்சி. ஒங்க நாடு அந்தால இருக்கு” என்றாள் வெள்ளத்தாய்.

சொரிமுத்துவின் கண் அவளுடைய பையிலேயே நின்றது. அமைச்சரின் கழுத்து எலும்பு தெரிந்தது.

“சாப்பிட்டு எத்தன நாளாச்சு?”

“நாலு நாளு தாயீ” என்றார் அமைச்சர். குரல் உடைந்துவிட்டது.

“அழாதிய. போயி வெளிம்புல நில்லுங்க. அடுத்த வளையத்துல நடுவுக்கு வரலாம்.”

அமைச்சர் போய் நின்றார். பழக்கமில்லாத சிறகு, நாலு அடியில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. “யாத்தீ, இதையா நீங்க தெனமும் செஞ்சிய?” என்று கேட்டுக்கொண்டே அடித்தார். அன்று முதல் அவர் தினமும் விசாரணைக்கு வந்தார். விசாரணை முடிவதாக இல்லை.

விஷயம் காற்றில் பரவிவிட்டது. ஏரியிலிருந்து ஒவ்வொருவராகப் பனங்காட்டைத் தாண்டினார்கள். ஊருக்கு உழைக்கவோ ஒற்றுமை வளர்க்கவோ யாரும் வரவில்லை. உன் வாய், உன் மீன் என்று மன்னர் சொன்னாரே, அதை மனத்தில் வைத்துத்தான், தன் வாய்க்கு மீன் எங்கே கிடைக்கும் என்று பார்த்து வந்தார்கள். வந்தவர்களிடம் வெள்ளத்தாய் நியாயம் கேட்கவில்லை. விளிம்பில் நிறுத்தினாள். ஆனால் குளம் சிறியது, வெயிலில் சுருங்கிக்கொண்டே வந்தது. அறுநூறு பேருக்கு அது எத்தனை நாள் தாங்கும்? மூன்றாம் அமாவாசையன்று காலையில் அவள் கொம்பையாவிடம், “ஏரியில என்ன நெலவரம்னு பாத்துட்டு வாரேன். சத்தம் குடுத்தா எல்லாரையும் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் கூட்டில் இறங்கியபோது மரத்துக்குக் கீழே சொரிமுத்து பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு மன்னரும் அறிஞரும் மட்டும் இருந்தார்கள்.

“முதலிடம், மாமன்னர் பேரலகர். வெற்றிப் பதக்கம் வழங்கப்படுகிறது.” அமைச்சர் சற்று நிறுத்தினார். “கடைசி நூறு இடங்கள். நூறு பேர் இல்லாதபடியால் இருப்பவர் பெயரை வாசிக்கிறேன். மாமன்னர் பேரலகர். பொழுது சாய்வதற்குள் ஏரியை விட்டு வெளியேற வேண்டும்.”

“நீர் இருக்கிறீரே!” என்றார் மன்னர்.

“அளப்பவர் அளவைக்கு உட்பட்டவர் அல்லர். ஏழாம் விதி. தாங்கள் இயற்றியது.”

மன்னர் நாரையின் பக்கம் திரும்பினார். “அறிஞரே, விலக்கு ஏதேனும்...”

“விலக்கு அளித்தால் பரிணாமம் கோபித்துக்கொள்ளும்” என்றார் ஒற்றைக்காலனார். குரலில் உயிரே இல்லை. அவருடைய ஒற்றைக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

பேரலகர் மெதுவாகத் தலையைத் தொங்கப்போட்டார். பிறகு, மன்னராவதற்கு முன்பு பேசிய பேச்சில், “ஏய்யா, எனக்கு ஒரு மீனு கெடைக்குமா?” என்றார்.

வெள்ளத்தாய் மன்னரைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது நாரையை. நெஞ்செலும்பை எண்ணிவிடலாம்போல் இருந்தது.

“அறிஞரே, நீங்க ஏன் இப்பிடி மெலிஞ்சிட்டிய? ஒங்களுக்குத்தான் வளையமும் வேண்டாம், கூட்டாளியும் வேண்டாமே?”

“மீன்கள் ஒழுக்கம் தவறிவிட்டன, அம்மையே. முன்பெல்லாம் தாமாகவே கரைக்கு வரும். இப்போது வருவதில்லை.”

வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் கூடே ஆடியது. “தாமாவா? தாமாவா வந்துச்சு? ஏழு வருசமா நான் வெளிம்புல நின்னு பாத்துட்டுத்தானே இருக்கேன்! எங்க வளையத்துக்குத் தப்புன மீனெல்லாம் எங்க ஓடும்? ஒம்ம காலடிக்கு! நீரு தின்ன ஒவ்வொரு விராலும் நாங்க வெரட்டி விட்டதய்யா!”

ஒற்றைக்காலனார் தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தார். நெடும்புனலின் வரலாற்றில் அவர் இரண்டு காலில் நின்றது அன்றுதான்.

வெள்ளத்தாய் மரத்திலிருந்து ஏரியில் குதித்தாள். இடது சிறகை ஓங்கி ஓர் அறை. பனங்காட்டுக்கு அப்பால் கொம்பையாவுக்குக் கேட்டது. இன்னோர் அறை. வானம் வெளுத்துப்போகிற அளவுக்கு வெள்ளைச் சிறகுகள் பனங்காட்டின் மேல் எழும்பின. சொரிமுத்து பட்டியலைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கத்தினார், “வாராவ! எல்லாரும் வாராவ!”

ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை அறுநூறு பேரும் ஒரே வளையமாக நின்றார்கள். அப்படி ஒரு வளையத்தை அந்த ஏரி அதற்கு முன் பார்த்ததில்லை. பேரலகர் தயங்கித் தயங்கி நடுவுக்கு நீந்தினார்.

“அங்கன இல்ல அண்ணாச்சி, இங்கன” என்று தன் பக்கத்துக் கோடியைக் காட்டினாள் வெள்ளத்தாய். “புதுசா வாரவுக முதல்ல வெளிம்பு. பயப்படாதிய, பங்கு உண்டு.”

பேரலகர் வந்து நின்றார். அப்போது மேலே கிளை சலசலத்தது. பிடரியில் வடுவோடு இளையவள் கிளை நுனிக்கு வந்திருந்தாள். கீழே பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், குதித்தாள். விழுகிறாள் என்று வெள்ளத்தாய் மூச்சைப் பிடித்தாள். விழவில்லை. கோணல்மாணலாகச் சிறகடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, அம்மாவுக்கும் மாஜி மன்னருக்கும் நடுவில் பொத்தென்று இறங்கினாள். மூத்தவன் அவள் பின்னாலேயே வந்து விழுந்தான். “பறந்துட்டாளே! எம்பிள்ள பறந்துட்டாளே!” என்று வெள்ளத்தாய் அந்த அறுநூறு பேருக்கும் கேட்கக் கத்தினாள். வெட்கமாவது ஒன்றாவது.

அன்றிலிருந்து நெடும்புனலில் தலைமைக்கும் முறை வைத்தார்கள். ஓர் அமாவாசை முதல் மறு அமாவாசை வரை ஒருவர். முடிந்ததும் அவர் போய் விளிம்பில் நிற்க வேண்டும். அதனாலோ என்னவோ, ஆணைகள் குறைந்துவிட்டன.

அந்த முதல் நாளில், அறுநூறு பேரின் வளையம் கரையை நெருங்கியபோது, தப்பிய மீன்கள் வழக்கம்போல் நாரையின் காலடிக்கு ஓடின. ஒற்றைக்காலனார் ஒரு பெரிய விராலைத் தூக்கி விழுங்கினார். இன்னொன்று. தெம்பு வந்தது. மெல்ல ஒரு காலைத் தூக்கினார். கரையில் சிறகை உலர்த்திக்கொண்டிருந்த சில இளம் பறவைகளைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்தி, “குடிமக்களே, என்னைக் காணுங்கள்...” என்று தொடங்கினார்.

“யம்மா, அவர வெரட்டிருவமா?” என்றாள் இளையவள்.

“தின்னுட்டுப் போட்டும் விடு. நீ அடி” என்றாள் வெள்ளத்தாய்.

இளையவள் ஓங்கி அடித்தாள். அவளைத் தொடர்ந்து அறுநூறு பேரும் அடித்தார்கள். நாரையின் அலகு அசைந்துகொண்டுதான் இருந்தது. என்ன சொன்னார் என்று ஒருவர் காதிலும் விழவில்லை.